கிரேஸ் அக்காவின் டிரில் மெஷின்

போன வாரம் ஒரு டேக் சப்ளையர் ஆபீசுக்கு வந்து என் மேசைமேல் ஒரு கட்டு டேக்கை வைத்தார். டேக் என்றால், புது டீஷர்ட்டின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, சைஸும் விலையும் போட்ட அட்டை, அது. நீங்கள் வீட்டுக்குப் போனதும் கத்தரித்துக் குப்பையில் போடுவது. அதைப் பார்த்து "சரி" என்று சொல்வதற்குப் பெயர் அப்ரூவல். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள்.

நான் மேலே இருந்த அட்டையைத் தொடவில்லை. அடியில் விரலை விட்டுக் கடைசி அட்டையை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓட்டை வழியாகப் பார்த்தேன். வந்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னங்க சார் பாக்கறீங்க? இப்பெல்லாம் அச்சு வெச்சு வெட்டற டை கட்டிங்குங்க. மேல இருக்கறதும் அடியில இருக்கறதும் ஒண்ணுதானுங்க. கோடி அட்டை அடிச்சாலும் ஓட்டை அதே எடத்துலதான் விழும்."

அவர் சொன்னது சரிதான். ஓட்டை கச்சிதமாக நடுவில் இருந்தது. பழக்கதோஷத்தில் அட்டையை மூக்கருகே கொண்டுபோனேன். மையின் வாசம் மட்டும்தான். அப்ரூவல் தாளில் கையெழுத்துப் போடும்போது மேசை ஒரு பக்கம் சாய்ந்து பேனா இழுத்துக்கொண்டது. இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. வாங்கிய நாளிலிருந்து ஆடுகிறது. நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதியாயிற்று. உலகத்துக்கே உடை தைத்து அனுப்புகிற கம்பெனிக்கு மேசைக்காலை நேராக்க ஆள் கிடைக்கவில்லை.

அவர் போன பிறகும் மூக்கு எதையோ தேடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து டேக்கில் ஒரு கருகல் வாசம் இருக்கும். தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்ததும் வருமே, அது. அட்டைகளைக் கல்லாட்டம் அடுக்கி வைத்து, மேலிருந்து ஒரு டிரில் மெஷின் சுழன்றபடி இறங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் துளைக்கும். அதன் பிட், அதாவது துளைக்கும் ஊசி, நடுவில் பொள்ளலாக இருக்கும். வெட்டுப்பட்ட வட்டத் துண்டுகள் அந்தப் பொள்ளல் வழியாக மேலேறிப் பக்கத்துக் குழாயில் கொட்டும். சின்னச் சின்னக் காகிதக் காசுகள். அப்படி ஒரு மெஷினை நான் ஒருமுறை சொந்தமாக வைத்திருந்தேன் என்றால் ஆபீசில் யாரும் நம்ப மாட்டார்கள். நீங்களாவது நம்புங்கள்.

அப்போது வெளிநாடுகள் துணி இறக்குமதிக்கு வைத்திருந்த கோட்டாவை எடுத்திருந்தார்கள். இனி உலகமே திருப்பூர் பனியனைத்தான் போடும் என்று டீக்கடையில்கூடப் பேச்சு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்த எனக்கு ஊரில் இரண்டு வழி. நிட்டிங் மெஷினுக்கு ஃபிட்டராகப் போகலாம், கையெல்லாம் எண்ணெய், பெண் கொடுக்க யோசிப்பார்கள். மெர்ச்சண்டைசராகப் போகலாம், ஏசி, கம்ப்யூட்டர், கழுத்தில் ஒரு போட்டோ அட்டை. பரம்பரையாகத் தறி நெய்து, பிறகு பவர் டேபிள் போட்டு ஜட்டி தைத்த குடும்பம் எங்களுடையது. என் அப்பாவுக்கு ஏசி என்ற இரண்டு எழுத்தே போதுமாக இருந்தது. முருகனுக்குக் காவடி எடுத்துவிட்டு என்னை மெர்ச்சண்டைசர் ஆக்கினார்.

அந்த வேலை என்ன தெரியுமா? "டியர் சார், கைண்ட்லி நோட்" என்று ஆரம்பித்து ஒரு பொய்யை எழுதுவது. துணி இன்னும் சாயப்பட்டறைக்கே போகாதபோது "தையல் நடக்கிறது" என்று எழுத வேண்டும். டேக்கில் அச்சடிக்கிற இங்கிலீஷ் வாசகம்கூடப் பல சமயம் நாங்கள் எழுதியதுதான். "இயற்கையின் மெல்லிய அணைப்பு" என்று பொருள்படும்படி நான் ஒன்று எழுதினேன். அந்தச் சட்டையை ஒருமுறை துவைத்தால் குழந்தைக்குத்தான் போடலாம். எல்லாவற்றுக்கும் மேல் சாம்பிள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்குக் காட்ட ஒரே ஒரு சட்டையை ஊரிலேயே நல்ல டெய்லரிடம் கொடுத்துப் பெற்ற பிள்ளையைப் போலச் சீராட்டித் தைப்பார்கள். அது ஓகே ஆனதும் மிச்சம் இருபதாயிரம் சட்டையை எப்படியோ தைத்துப் பெட்டியில் போடுவார்கள். நல்லதை மேலே வை, மற்றதை அடியில் வை. இதைச் செய்கிற ஓனர்களை நான் மனசுக்குள் எவ்வளவு கேவலமாகத் திட்டுவேன் என்பதற்கு அளவே கிடையாது. வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன், ஒரு பொய். இதுதான் எக்ஸ்போர்ட்டர் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஆகவே எனக்கு ஒரு பட்டறை வேண்டும் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. இரும்பு பொய் சொல்லாது என்பது என் அப்போதைய தத்துவம். இருபத்து மூன்று வயதில் எல்லோரிடமும் இப்படி ஒரு தத்துவம் இருக்கும், மன்னித்துவிடுங்கள். வீட்டுக்குப் பின்னால் அப்பா பழைய பவர் டேபிளைப் போட்டு வைத்திருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்தேன். சுத்தியல், ஹேக்ஸா, அரம், கோணம் சரிபார்க்கும் ட்ரைஸ்கொயர் எல்லாவற்றையும் சுவரில் ஆணியடித்து மாட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் நீலப் பெயிண்டில் கோடு வரைந்தேன். அது எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமாம். எடுத்தால்தானே தெரியும்? அந்த ட்ரைஸ்கொயர் ஆணியை விட்டு இறங்கியதே இல்லை.

அந்தக் கொட்டகைக்கு முதல் வேலை கொடுத்தவர் பொன்னுசாமி அண்ணன். வெள்ளகோவில்காரர், அருள்புரத்தில் நிட்டிங் யூனிட் வைத்திருந்தார். நிட்டிங் மெஷினைச் சுற்றி, நூலை ஊசிக்கு ஊட்டுகிற ஃபீடர்கள் வட்டமாக நிற்கும். அவற்றைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டைகள் அவரிடம் ஒரு மெஷினில் தேய்ந்து போயிருந்தன. விரல் நீளப் பட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை. அவ்வளவுதான்.

"நாப்பது பட்டை போட்டுக் குடு கண்ணு," என்றார். "கரெக்டா உக்காந்துச்சுன்னா மிச்ச மெஷினுக்கெல்லாம் நீயே போடு. எம்பட பங்காளிகளும் மெஷின் வெச்சுருக்கறாங்க, அவிங்களுக்கும் சொல்லி உடறேன். அப்பறம் எதுக்கு உனக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல பொட்டுப் பொட்டுனு தட்டற வேலை?"

நான் அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். கொடுக்கவில்லை, எழுதினேன். நாற்பது பட்டையும் சரியாக உட்கார்ந்தால் நான் சொந்தக் காலில் நிற்கிற ஆள். உட்காராவிட்டால் ஆயுசு முழுக்க "கைண்ட்லி நோட்". எனக்கு அந்தப் பட்டைகள் நாற்பது இரும்புத் துண்டுகளாகவே தெரியவில்லை.

ஓட்டை போட டிரில் மெஷின் வேண்டும். கையில் பிடிக்கிற டிரில்லில் ஒழுங்காக ஒரு ஓட்டைகூட விழாது. நிற்கிற மெஷின் புதிதாக வாங்க வழியில்லை. அப்போதுதான் சிகாமணி என்கிற டேக் யூனிட்காரர் பழைய பேப்பர் டிரில்லை விற்கிறார் என்று கேள்விப்பட்டு அருள்புரத்துக்கு ஓடினேன்.

சிகாமணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே சொன்ன வெள்ளைச் சட்டைதான், செல்போன் மட்டும் மூன்று. "ஃபாரின் மெஷினுங்க தம்பி," என்று மெஷினின் முதுகைத் தட்டினார். அதன் பெயர்ப் பலகைமேல் பச்சைப் பெயிண்டை அடித்து எந்த ஊர் என்பதையே மறைத்திருந்தார்கள். "இதை வாங்குன பொறவுதான் நான் கார் வாங்குனேன். அவ்வளவு ராசி." அத்தனை ராசியானதை ஏன் விற்கிறார் என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் விலை ஏறும். விலை எவ்வளவு என்று உங்களுக்கும் சொல்லப்போவதில்லை, சிரிப்பீர்கள்.

அந்த மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் கிரேஸ் அக்கா. சாத்தான்குளம் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அக்காவின் தலைமுடி முழுக்கக் காகிதக் காசுகள் ஒட்டியிருந்தன. மெஷினின் பெடலை மிதித்தால் டிரில் இறங்கும். விட்டால் ஏறும். மிதி, விடு, அடுக்கைத் தூக்கு, கவிழ், அடியில் இருக்கும் கடைசி அட்டையைப் பார், அடுத்த அடுக்கு. ஒவ்வொரு தடவையும் கவிழ்த்துக் கடைசி அட்டையைத்தான் பார்த்தார். மேலே இருப்பதைப் பார்க்கவே இல்லை. ஏதோ பழக்கம், படிக்காதவர்கள் இப்படித்தான் அர்த்தமில்லாமல் ஒன்றைச் செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன். எழுதவே கூசுகிறது.

"மெஷின வாங்கப் போறியளா தம்பி?"

"ஆமாங்க்கா."

"டேக்கு போடவா?"

"இல்லீங்க. இரும்புல ஓட்டை போட."

பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இரும்புலயா? இது பேப்பர் திங்கிற மெஷினுல்லா தம்பி. இரும்பக் குடுத்தியன்னா பல்லு கொட்டிப் போயிரும்."

பக்கத்தில் கயிறு கோத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "ஸ்பிண்டில மாத்திருவனுங்க. ஸ்பீடையும் கொறைச்சிருவேன். நான் மெக்கானிக்கல் படிச்சிருக்கேன்."

"படிச்சிருக்கியளா? அப்ப சரி." அந்த 'அப்ப சரி'யில் பெண்கள் மறுபடி சிரித்தார்கள். "ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இந்தப் பலகைக்கு அடியில..."

"அதெல்லாம் தெரியுங்க்கா. கழட்டித்தானே பாக்கப் போறேன்."

அவர் குழாய்ப் பக்கம் குனிந்தார். ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதக் காசுகளை அள்ளிக் கட்டிக்கொண்டார். கிறிஸ்மஸ் பவனியில் பிள்ளைகள் தூவுவதற்காம். மறுநாளிலிருந்து அவருக்கும் கயிறு கோக்கும் வேலைதான் என்று சிகாமணி என் காதில் சொன்னார். கயிறு கோப்பவர்களுக்குக் கூலி குறைவு. அது என் யோசனைக்குள் வரவே இல்லை. வண்டிக்காரனைக் கூப்பிடும் அவசரத்தில் இருந்தேன்.

மெஷின் வீட்டுக்கு வந்து இறங்கியதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊட்டுல ஒரு மிக்ஸி வாங்கச் சொன்னா மூணு வருசமாக் காணோம். இந்தக் கருமாந்தரத்தை எங்கிருந்துடா இழுத்துக்கிட்டு வந்தே?" அப்பா மஞ்சள் சந்தனத்தைக் குழைத்து எடுத்து வந்தார். எங்கள் ஊரில் மெஷின் என்று ஒன்று வாசலைத் தாண்டினால் அதற்குப் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தொடக் கூடாது.

ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் அதைக் கழற்றினேன். எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்! உள்ளே பல வருஷத்துக் காகிதத் தூள் பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. காற்றடித்துத் தள்ளினேன். காகித பிட்டைப் பிடிக்கும் தலையைக் கழற்றிவிட்டு, இரும்பு பிட்டைப் பிடிக்கும் சக் ஒன்றைப் பொருத்தக் காங்கயம் ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் தண்டு கடைந்து வாங்கினேன். மோட்டாருக்கும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில், அப்பாவின் செத்துப்போன பவர் டேபிளிலிருந்து பிடுங்கிய புல்லிச் சக்கரத்தைப் போட்டு வேகத்தைப் பாதிக்கு மேல் குறைத்தேன். அடுக்கு வைக்கிற மரப்பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு இரும்புத் தகடு போட்டேன். பலகையைத் தூக்கியபோது இடது ஓரத்தில், கீழே, இரண்டு டேக் அட்டைகள் மடித்துச் செருகியிருந்தன. எண்ணெய்யும் அழுக்கும் ஏறிக் கறுத்துப்போயிருந்தன. 'கந்தல் வேலை' என்று சொல்லிக்கொண்டே குப்பையில் எறிந்தேன். மெஷினின் அடிப்பீடத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. எனக்கு நானே கைகொடுத்துக்கொள்ளாத குறை.

ஓட்டிப் பார்க்கும் நாள் அப்பா எலுமிச்சம்பழத்தோடு வந்தார். புது வண்டி என்றால் சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்கலாம். இதற்குச் சக்கரம் இல்லை. "அந்த ஊசிக்கு அடியில வெச்சு மிதி," என்றார். பெற்ற தகப்பன். மறுக்க முடியுமா? மாநிலத் தொழில்நுட்பக் கழகம் டிப்ளமோ கொடுத்தவன் முதல் ஓட்டையை எலுமிச்சம்பழத்தில் போட்டான். சாறு என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. அப்பா திருப்தியாகக் கற்பூரம் காட்டினார். அடுத்த ஓட்டை இரும்பில். புகைந்தது, கிறீச்சிட்டது, ஆனால் விழுந்தது! அழகான ஓட்டை. நான் கத்திய கத்தலில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

இனி வருவதை வேறு ஊர்க்காரன் செய்திருக்க மாட்டான். கோயம்புத்தூர் பட்டறைக்காரன் நாற்பது பட்டை என்றால் நாற்பதையும் தனித்தனியாகப் பிடித்துத் துளைப்பான். நான் திருப்பூரில் பிறந்தவன். இங்கே எதையும் யாரும் ஒவ்வொன்றாக வெட்டியது கிடையாது. துணியை நூறு மடிப்பு விரித்து ஒரே வெட்டு. டேக்கை அடுக்கி ஒரே துளை. எங்கள் ரத்தத்திலேயே அடுக்கு ஓடுகிறது. பத்துப் பத்துப் பட்டையாக அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலே குறி வைத்து, பெடலை மிதித்தேன். நாலு அடுக்கு, எட்டு ஓட்டை, வேலை முடிந்தது. ஒரு சாயங்காலம்கூட ஆகவில்லை. உலகத்தில் இருக்கும் எல்லா ஃபிட்டர்களும் முட்டாள்கள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

கிளாம்ப்பைக் கழற்றிப் பட்டைகளைப் பிரித்தேன். மேலே இருந்தவை குறி வைத்த இடத்தில் ஓட்டையோடு மின்னின. நடுவில் இருந்தவை கொஞ்சம் தள்ளி. அடியில் இருந்தவை நன்றாகவே ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தன. ஒரு அரிசி அகலம் இருக்கும்.

இங்கேதான் நீங்கள் என்னை மதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் அது இன்னொரு 'டியர் சார்'. பார்த்தேன், அடுத்த நிமிஷமே 'இந்த அளவு டாலரன்ஸுக்குள்ள அடங்கிரும்' என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. டாலரன்ஸ் என்றால் அனுமதித்த பிசகு. ஆபீசில் பாதிச் சாக்குகள் அந்த வார்த்தையில்தான் தொங்கும். பட்டைகளை அடுக்கும்போது நல்லது நாலையும் எடுத்து மேலே வைத்தேன். என் கை அதைச் செய்த வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சொல்லிக் கொடுக்காமலேயே கை கற்றுக்கொண்டிருந்தது.

பொன்னுசாமி அண்ணன் மேலே இருந்த பட்டையை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "அருமை போ! கடையில வாங்குனாக்கூட இப்படி இருக்காது. மெஷினை ஞாயித்துக்கெழமை நிறுத்துவோம், அன்னைக்கு மாட்டிப் பாத்தரலாம்." என் முதுகில் தட்டினார். அவர் அடியில் கைவிட்டுப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு என்ன இருந்தது? என்னை நம்பினார்.

நேராக ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் சீட்டில் இல்லை. எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டி அவர் மேசைமேல் வைத்துவிட்டு, படியிறங்கும்போது ராஜா மாதிரி இறங்கினேன். பிறகு மூன்று நாள் ஆபீஸ் பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொன்னுசாமி அண்ணனின் ஃபிட்டர் வந்தார். பட்டைகளை ஒரு பனியன் வேஸ்ட் துணியில் மூட்டையாகக் கட்டி எங்கள் கொட்டகை வாசலில் வைத்தார். ஓட்டிப் பார்த்த மெஷினைத் திரும்பவும் நிறுத்தி, பழைய பட்டைகளையே மாட்டிவிட்டு வருகிறாராம். "தம்பி, பாதி ஃபீடர் கெழக்கப் பாக்குது, பாதி மேக்கப் பாக்குதுங்க. துணியில வரி வரியா உழுகுது, வரிக்குதிரையாட்டம்." அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணுஞ் சொல்லலீங்க. மேல நாலு மட்டும் எப்படிங்க அத்தனை சுத்தமா இருந்துச்சுன்னு ஒரு வாட்டி கேட்டாரு. அவ்வளவுதானுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை, எல்லோருக்கும் முன்னால் போய்விட வேண்டும் என்று ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் ஏற்கனவே வந்திருந்தார். மேசைமேல் என் கவர் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒட்டியது ஒட்டியபடி. அதன்மேல் டீ டம்ளர். டம்ளரை எடுத்தால் கவரில் வட்டம் வட்டமாக நாலைந்து கறை. நாலு நாளாக என் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை டீ வைக்கும் பலகையாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

"என்னப்பா, ஆளையே காணோம்? என்ன இது, லீவ் லெட்டரா?"

"ஆமாங்க சார்."

"வந்துட்டீல்ல, அப்பறம் எதுக்கு? எடுத்துட்டுப் போ. அந்த ஜெர்மன் பையருக்கு இன்னும் பதில் போகல பாரு."

எடுத்துக்கொண்டு போனேன். பதில் போட்டேன். "டியர் சார், கைண்ட்லி நோட்."

அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. பிட் மட்டம், இரும்பு மட்டம், தண்டு கடைந்தவன் குடிகாரன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். என்னைத் தவிர எல்லோரையும் பழி சொல்லி முடித்த பிறகு மெஷினை விற்கப் போவதாகச் சிகாமணியிடம் சொல்லி அனுப்பினேன். வந்தது சிகாமணி அல்ல. கிரேஸ் அக்காவும் அவர் கணவரும் ஒரு டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார்கள்.

"நாங்களே வீட்ல வச்சு டேக்கு ஓட்டலாம்னு இருக்கோம் தம்பி. சிகாமணி புது மெஷின் வாங்கிட்டாரு, சின்னச் சின்ன ஆர்டர்னா எடுக்க மாட்டக்காரு. அதுவொ எங்களுக்கு வரும்." அவர் கொட்டகைச் சுவரில் நீலக் கோடு போட்டு மாட்டியிருந்ததை எல்லாம் சுற்றிப் பார்த்தார். "கோயில் மாதிரில்லா வச்சிருக்கிய!" பிறகு மெஷினைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "எப்பா! என் மெஷின என்ன பாடு படுத்தியிருக்கிய! பழைய தலைய என்ன பண்ணுனிய? அந்த பிட்டெல்லாம் எங்க?"

நல்லவேளை, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துக்கொண்டே குனிந்தார். தகட்டுக்கு அடியில் விரலை விட்டு இடது ஓரமாகத் தடவினார். நிமிர்ந்தார்.

"நான் வச்ச அட்டைய எடுத்துட்டியளா?"

"எந்த அட்டைங்க?"

"ரெண்டு டேக்கு மடிச்சு வச்சிருந்தேனே. இந்தப் பக்கம் தேஞ்சு எறங்கிப் போச்சு தம்பி, வருசக்கணக்கா ஒரே பக்கமா அமுக்கி அமுக்கி. அது வைக்கலன்னா ஊசி சாஞ்சுல்லா எறங்கும். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. அடியிலதான் தெரியும்." கணவர் பக்கம் திரும்பினார். "அன்னைக்குச் சொல்ல வந்தேன், சார் தெரியும்னுட்டாவ."

கணவர் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். நான் வாசலில் கிடந்த பட்டை மூட்டையைக் காலால் மெல்ல மறைவாகத் தள்ளினேன். ட்ரைஸ்கொயர் எனக்கு நேர் எதிரே சுவரில் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கித் தகட்டின்மேல் ஊசியை ஒட்டி ஒருமுறை நிறுத்தியிருந்தால் போதும். ஒரு நிமிஷ வேலை. படிக்காதவர் என்று நான் ஒதுக்கியவர் அதை விரலால் செய்துவிட்டார். ஒவ்வொரு அடுக்கையும் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்ததும் அதற்குத்தான். அட்டை நசுங்கியதும் புதுசு மடித்து வைப்பாராம்.

சுவர் ஓரத்தில் கிடந்த அந்த மரப்பலகையை அவரே தேடி எடுத்தார். தகட்டைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பலகையைத் திரும்பப் போட்டார். கைப்பையிலிருந்து இரண்டு டேக்கை எடுத்து மடித்து இடது ஓரத்தில் செருகினார். அவர் பையில் எப்போதும் டேக் இருக்கும்போல. "நீங்க போட்ட புல்லி இருக்கட்டும், மெதுவாச் சுத்துனா பேப்பர் கருகாது," என்றார். என் டிப்ளமோவுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். இன்றுவரைக்கும்.

மெஷின் அவர் வீட்டில் ஏழெட்டு வருஷம் ஓடியது. எங்கள் கம்பெனியின் சின்ன ஆர்டர்களை நான்தான் அவருக்கு வாங்கிக் கொடுப்பேன். உதவி என்று நினைக்காதீர்கள். கட்டு வந்ததும் அடி அட்டையை உருவிப் பார்ப்பேன். ஒரு தடவையும் ஓட்டை தள்ளியிருந்ததில்லை. அவர் என் கையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார். பட்டைகளைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவராக என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லிவிட்டுத் தப்பித்திருப்பேன். பொன்னுசாமி அண்ணனைக் கல்யாண வீடுகளில் பார்த்தால் வேறு பந்தியில் உட்காருவேன். அவரும் அப்படியே.

பிறகு டை கட்டிங் வந்தது. கிரேஸ் அக்காவின் வீட்டுக்குப் போன ஆர்டர்கள் நின்றன. மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு அவர்கள் சாத்தான்குளம் போய்விட்டதாகக் கேள்வி. அருள்புரத்தில் சிகாமணியின் யூனிட் இருந்த இடத்தில் இப்போது வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்கும் வரிசை அறைகள். எங்கள் கொட்டகையில் அம்மா ஒருவழியாக வாங்கிய மிக்ஸியின் பெட்டியும் கேஸ் சிலிண்டரும் இருக்கின்றன. நீலக் கோடுகள் மட்டும் சுவரில் வெறுமையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கருகல் வாசம் போயிற்று. காகிதக் காசு போயிற்று. கவிழ்த்துப் பார்க்கிற கை போயிற்று. மேலும் அடியும் ஒன்றே ஆகிவிட்ட பிறகு யார் எதைக் கவிழ்க்கப் போகிறார்கள்? பொய் சொல்கிறவனுக்கு ரொம்ப வசதியான காலம் இது. எனக்குத் தெரியும், நான் அந்தத் தொழிலில் இருக்கிறேன்.

சப்ளையர் போன பிறகு அந்தக் கடைசி அட்டையை இன்னும் கையில் வைத்திருந்தேன். அடுத்த தாளில் கையெழுத்துப் போடும்போது மேசை மறுபடி சாய்ந்தது. குனிந்து, அட்டையை இரண்டாக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் செருகினேன். ஆட்டம் நிற்கவில்லை. இன்னொன்று மடித்தேன். அப்போதும் நிற்கவில்லை. இப்போதைய டேக் அவ்வளவு மெல்லிசு. கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக மடித்துச் செருகி, ஏழாவதில்தான் மேசை நின்றது.

கிரேஸ் அக்காவுக்கு இரண்டு போதும்.